சீக்கியர்களின் தலைப்பாகை ஐந்து 'க'க்களில் ஒன்றா?

இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1699-இல் பஞ்சாபின் ஆனந்தபூரில் சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், கால்சா எனும் தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பை நிறுவினார். பஞ்சாபி மொழியில் 'க'வில் தொடங்கும் அதன் ஐந்து அடையாளங்கள்தான் ஐந்து 'க'க்கள்: வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, அரைக்கால் உள்ளாடை, குறுவாள். அந்த முடியைக் காப்பதுதான் தஸ்தார் எனும் தலைப்பாகை. அன்று பெரிய தலைப்பாகை மேட்டுக்குடியின் உரிமை மாதிரி. அதை எல்லோர் தலையிலும் ஏற்றியதுதான் எனக்கு மிகவும் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, எப்படிக் கட்டுகிறார்கள்? ஐந்தாறு மீட்டர் துணி. ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மகனும் பிடித்து, விறைப்பாக இழுத்து நீளவாக்கில் மடிப்பார்கள். ஆள் இல்லையென்றால் கதவுக் கைப்பிடிதான் துணை! உச்சிக் கொண்டைக்குள் சீப்பு இருக்கும். சுற்றி முடித்ததும் சலாய் என்ற மெல்லிய கம்பியால் ஓரத்து முடியை உள்ளே தள்ளி, மடிப்புகளைச் சீராக்குவார்கள்.