மோசடிக் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்

சிங்கப்பூரில் ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈசூன் அக்கா: சீருடை போட்ட ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, என் கணக்கில் கறுப்புப் பணம் இருக்கிறதாம், 'பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்று என்கிறார்.

பொய். போனை வையுங்கள். மோசடி உதவி எண் 1799ஐக் கூப்பிடுங்கள்.

செங்காங் வாசி: அப்பாவுக்கு 72 வயது. முகமே பார்க்காத ஒரு பெண்ணுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், சொன்னால் என் மேலேயே பாய்கிறார்.

தம்பி, இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடைசி வழியாக, போலீசே வங்கிக்கு உத்தரவு போட்டு அவர் கணக்கை 30 நாள் கட்டுப்படுத்தலாம், தேவைப்பட்டால் ஐந்து முறை நீட்டிக்கலாம், அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்கலாம். நான் பார்த்தவரை ஆள் மயக்கத்தில் இருக்கும்போது புத்திமதி ஏறாது, நாள் கடந்தால் தானே தெளியும். உடனே புகார் கொடுங்கள். அப்பா சம்மதித்தால் சேமிப்பைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு, பெரிய வங்கிகளில் 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. பூட்டிய காசு போன் வழியாக நகராது.

தேக்கா தம்பி: என் காசு, நான் யாருக்குக் கொடுத்தால் போலீசுக்கு என்ன?

2024இல் மட்டும் இந்த ஊரில் மோசடிக்காரர்களிடம் போனது 110 கோடி வெள்ளிக்கு மேல். அதில் பெரும்பகுதி ஏமாந்தவர்களே தங்கள் கையால் அனுப்பியது.

தேக்கா தம்பி: அதெல்லாம் சரிண்ணே, டிரேஸ்டுகெதர் ஞாபகம் இருக்கா?

இருக்கிறது, கோவிட் காலத்தில் யார் அருகே இருந்தோம் என்று பதிந்த செயலி. அங்கே நீ சொல்வது நியாயம். தொற்றுக்கு மட்டும்தான் என்று சொல்லி வாங்கிய தகவலைப் போலீசும் எடுக்கலாம் என்பது 2021 ஜனவரியில்தான் நமக்குத் தெரிந்தது. ஊர் முணுமுணுத்த பிறகு, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். அதனால்தான் கணக்கைக் கட்டுப்படுத்தும் இந்தப் புதுச் சட்டத்தில் கால வரம்பு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேல்முறையீடு போலீஸ் ஆணையரிடமே போகிறது, அவர் சொல்வதுதான் முடிவு. அது எனக்கும் உறுத்துகிறது.

உட்லண்ட்ஸ்: பிரம்படி வந்துவிட்டதே, இனி அடங்குமா?

மோசடிக்காரனுக்குக் குறைந்தது 6 பிரம்படி. சரி, ஆனால் தலைவன் கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறான். இங்கே மாட்டுவது பெரும்பாலும் சில நூறு வெள்ளிக்குத் தன் சிங்பாஸை, அதாவது அரசாங்க மின்னடையாளக் கணக்கை, மோசடிக்காரனிடம் கொடுத்த பையன். உங்கள் பையனிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பெடோக்: அண்ணே, போலீஸ் சீருடையில் ஒருவர் வீடியோவில்...

மேலே முதல் பதிலைப் படியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் போனை வையுங்கள்.