பாட்டு அமையாத இருவர்

அன்புள்ள ஐயா,

1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். என் அப்பா எழுபதுகளில் கோவையில் கல்லூரியில் படித்தவர். சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கிய நாற்பது ராக் இசைத்தட்டுகளை எனக்கு விட்டுச் சென்றிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் காலமானார். இப்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாடியே வியட்நாம் போரை நிறுத்திய தலைமுறை அது. நமக்கு ஏன் அப்படிப்பட்ட பாட்டுகள் இல்லை? நான் அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டியவன் என்று அடிக்கடி தோன்றுகிறது. வுட்ஸ்டாக் மேடையில் தொடக்க உரை ஆற்றிய சுவாமி சச்சிதானந்தா எங்கள் செட்டிபாளையத்தில் பிறந்தவர் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. நீங்கள் அந்த நாட்களில் அமெரிக்காவில் படித்தவர். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள எந்த இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வீர்களா?

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு முதலில் என் ஆறுதலைச் சொல்லிக்கொள்கிறேன். ஒருவர் போன பிறகு அவர் கைபட்ட இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்துச் சுழலவிட்டு, ஊசி இறங்கும்போது எழும் அந்தச் சிறு கரகரப்பைக் கேட்பது எப்படியிருக்கும் என்று என்னால் உணர முடிகிறது. என் வீட்டுப் பரணிலும் எனக்குச் சொந்தமில்லாத இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளாக இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். அதனால்தான் இரண்டு வரியில் தனியாகப் பதில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். சுவாமி சச்சிதானந்தா 1969 ஆகஸ்ட் 15 அன்று அந்த மேடையில் பேசியது உண்மை, அவர் உங்கள் பக்கத்து மனிதர் என்பதும் உண்மை. பெருமைப்படுங்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் போட்டுத் தரவும் மாட்டேன். உங்கள் அப்பா எதை அதிகம் கேட்டார் என்பதை அந்தத் தட்டுகளின் தேய்மானமே சொல்லும், அங்கிருந்து தொடங்குங்கள். நமக்கு ஏன் அப்படிப்பட்ட பாட்டுகள் இல்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் தேடவில்லை என்பதற்கு மேல் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ‘அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டியவன்’ என்ற வரியை மட்டும் என்னால் கடக்க முடியவில்லை. தம்பி, அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில், அந்த நாட்டில் நீங்கள் பிறந்திருந்தால், உங்களுக்கு முதலில் கிடைத்திருப்பது இசைத்தட்டு அல்ல, ஓர் எண்.

நான் 1969 செப்டம்பரில் ஒஹாயோ மாநிலத்துக்கு மேற்படிப்புக்குப் போனேன். வுட்ஸ்டாக் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு பழைய மரவீட்டின் மேல்தளத்தில் நானும், பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்து பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனும் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். கீழ்த்தளத்தில் எங்களைவிட நான்கைந்து வயது மூத்த ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். மிசிசிப்பியிலிருந்து வந்த கறுப்பினத்தவர், அதிகம் பேசாதவர். டிசம்பர் 1 அன்று இரவு, மேல்தளத்து நண்பனின் வகுப்புத் தோழர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் அறையில் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தார்கள். 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களில் யார் முதலில் ராணுவத்துக்கு அழைக்கப்படுவார்கள் என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கல் அன்று வாஷிங்டனில் நடந்தது. ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் 366 நீலநிறக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த தேதி. தேதி வெளிவரும் வரிசையே அன்று பிறந்தவர்களின் எண். முதலில் வந்தது செப்டம்பர் 14. என் நண்பனின் பிறந்த நாள் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவரவர் தேதி இன்னும் அந்தச் சாடிக்குள் இருந்தது. சற்று நேரம் கழித்து அவன் எழுந்து போய்த் தன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தான். எந்தத் தேதி வந்தது என்று அவளுக்கு அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை என்பது சில வாரங்களில் தெரியவந்தது. சாடியில் கொட்டுவதற்கு முன் மாதவாரியாகப் பெட்டியில் போட்டதால் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் மேலாகத் தங்கி, அவர்களுக்கே சிறிய எண்கள் அதிகமாக விழுந்திருந்தன. 195 வரை எண் பெற்றவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஒரு பெட்டியை இன்னும் நான்கு முறை குலுக்காமல் விட்டதால் நவம்பரில் பிறந்தவன் போனான், மார்ச்சில் பிறந்தவன் தப்பித்தான். நீங்கள் ஏங்கும் காலத்தின் நடுவில் இருந்தது இதுதான். உங்கள் அப்பாவின் தட்டுகளில் நீங்கள் கேட்கும் கோபத்தில் பாதி இந்தப் பயத்திலிருந்து வந்தது.

பாடிப் போரை நிறுத்தினார்கள் என்கிறீர்கள். 1966-இல் அமெரிக்காவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது எது தெரியுமா? பணியில் இருந்த ஒரு ராணுவ சார்ஜென்ட், சிறப்புப் படையினரின் வீரத்தைப் புகழ்ந்து பாடிய பாட்டு. வுட்ஸ்டாக்கில் நான்கு லட்சம் பேர் கூடினார்கள். அதற்குப் பிறகும் மூன்றரை ஆண்டுகள் அமெரிக்கப் படை வியட்நாமில் இருந்தது. போர் முற்றாக முடிந்தது 1975 ஏப்ரல் 30 அன்று. சண்டைக்குப் போனவர்களும் அதே ராக் இசையைத்தான் முகாம்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் இதை நீட்ட விரும்பவில்லை. நான் உங்களிடம் சொல்ல விரும்புவது வேறு.

1970 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், வியட்நாமின் பக்கத்து நாடான கம்போடியாவுக்குள் படை நுழைவதாக அறிவித்தார். கல்லூரிகள் கொதித்தன. மே 4, திங்கட்கிழமை நண்பகலில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த கென்ட் பல்கலைக்கழகத்தில் ஒஹாயோ மாநிலத்தின் துணை ராணுவமான நேஷனல் கார்டு படையினர் மாணவர்களை நோக்கிச் சுட்டார்கள். 13 நொடிகள், 67 குண்டுகள். நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்தில் இல்லை, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அன்று இரவு எங்கள் வளாகத்தில் மெழுகுவத்தியோடு நின்ற கூட்டத்தின் கடைசி வரிசையில் நானும் நின்றேன். விசாவில் வந்தவன் என்ற பயத்தோடுதான் நின்றேன். அந்த மாதம் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் சாவுகளுக்கு மாணவர்களையே குற்றம் சொன்னார்கள். படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். நாடே மாணவர்களின் பின்னால் நின்றது என்று இன்று எழுதுகிறவர்கள் அந்த மே மாதத்தில் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பாட்டு வந்தது. பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்த ராக் பாடகர் நீல் யங் உடனே அதை எழுதினார். தன் இசைக்குழுவினரான கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோரோடு சேர்ந்து மே 21 அன்று பதிவு செய்தார். ஜூன் மாதத்திலேயே கடைக்கு வந்துவிட்டது. ‘ஒஹாயோ’ என்பது அதன் பெயர். பாட்டில் நிக்சனின் பெயர் வருகிறது என்பதற்காகச் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. என் நண்பன் அந்தச் சிறிய தட்டை வாங்கி வந்து, ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டான். நாங்கள் இருவரும் அழுதோம்.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ ஓடும்போது கீழ்த்தளத்து நண்பர் மேலே வந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவருகே நின்றபடி பாட்டை முழுவதும் கேட்டார். முடிந்ததும், “மே நாலுக்கும் இந்தப் பாட்டுக்கும் நடுவில் மே பதினைந்து இருக்கிறது” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வலிக்கிறது. மே 15 அன்று, நள்ளிரவு தாண்டி, மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் கறுப்பின மாணவர்கள் படித்த அரசுக் கல்லூரி வளாகத்தில், நகரக் காவலர்களும் நெடுஞ்சாலைக் காவலர்களும் பெண்கள் விடுதி ஒன்றை நோக்கி அரை நிமிடம் இடைவிடாமல் சுட்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் 400-க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்திருந்தன. இருவர் இறந்தார்கள், பன்னிரண்டு பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஃபிலிப் கிப்ஸ் 21 வயது மாணவர், மணமாகிக் கைக்குழந்தை இருந்தவர். ஜேம்ஸ் கிரீனுக்கு 17 வயது. பள்ளி மாணவன், மளிகைக் கடையில் வேலை முடித்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவன். கீழ்த்தளத்து நண்பரின் சித்தப்பா மகள் அந்தக் கல்லூரியில் இறுதி ஆண்டு மாணவி. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவர் ஒன்றரை நாள் தொலைபேசியருகே உட்கார்ந்திருந்தார். மேல்தளத்தில் நாங்கள் அப்போதும் கென்ட் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். செய்தித்தாளில் அது வந்திருந்தது. நானும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பு, 1968 பிப்ரவரி 8 அன்று, தென் கரோலைனாவின் ஆரஞ்ச்பர்க்கில், கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்தை எதிர்த்த மாணவர்கள்மீது நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டதில் மூவர் இறந்தார்கள். அதாவது கென்ட் முதலாவது அல்ல, கடைசியும் அல்ல. மே 21 அன்று அந்தப் பாட்டு பதிவானபோது ஜாக்சனில் இருவர் இறந்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. நான் அந்தப் பாட்டைக் குறை சொல்லவில்லை; பதினேழே நாளில் ஒருவர் உண்மையான கோபத்தோடு ஒரு பாட்டைப் பதிவு செய்ததை எப்படிக் குறை சொல்வேன்? ஜாக்சனின் பெயரைச் சொல்லும் பாட்டுகளும் ஒன்றிரண்டு பின்னர் வந்தன. ஆனால் அவை யாருடைய வாயிலும் நிற்கவில்லை. நான் குறை சொல்வது நம்மை. ஒரு காலத்தின் நினைவை முழுவதும் இசைத்தட்டுகளிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். யாருக்காகப் பாட்டு அமைந்ததோ அவர்களுக்கு ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகிறோம். அமையாதவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளக்கூட நமக்குத் தோன்றுவதில்லை. நானே கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் காலத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட இந்த இரண்டு பெயர்களும் இல்லை என்பதைச் சென்ற வாரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துச் சரிபார்த்த பிறகுதான் உறுதிசெய்துகொண்டேன். உங்கள் கடிதம் வந்தபோது அந்தத் தாள்கள் இன்னும் மேசையில்தான் கிடந்தன.

நீங்கள் பாட்டைக் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் அப்பா அதைக் கோவையில், தன் சம்பளமில்லாத நாட்களில் காசு சேர்த்து வாங்கியிருக்கிறார். அந்த ஆசையில் ஒரு களங்கமும் இல்லை. ஆனால் ‘நான் அப்போது இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதுகிற கை, அந்த வாக்கியத்தை முடிப்பதற்கு முன், எந்தத் தளத்தில் இருந்திருப்பேன் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அங்கே இருந்தேன். மேல்தளத்தில் இருந்தேன்.

என் அறை நண்பன் பட்டம் வாங்கிய கையோடு ராணுவத்துக்கு அழைக்கப்பட்டான். 1972-இல் திரும்பி வந்தான்; உடலில் காயம் ஒன்றும் இல்லை. தன் இசைத்தட்டுகளைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் ஊர் திரும்பியபோது அந்தப் பெட்டியும் என்னோடு வந்தது.

ஜாக்சனில் சுட்டதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஆண்டு அங்கே பட்டமளிப்பு விழாவும் நடக்கவில்லை. 51 ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதத்தில், 1970-இல் படிப்பை முடித்தவர்களை அழைத்து அந்த விழாவை நடத்தினார்கள். கிப்ஸுக்கும் கிரீனுக்கும் மறைவுக்குப் பிந்தைய கௌரவ முனைவர் பட்டம் அளித்தார்கள். கீழ்த்தளத்து நண்பர் தன் சித்தப்பா மகளின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். எழுபதைக் கடந்த பெண்மணி, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக, பட்டச் சுருளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தை மேல்தளத்து நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி அதுவரை ஒருமுறைகூட விசாரிக்காதவன், அந்தச் சிறிய தட்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தான்.

இருக்கிறது என்று எழுதினேன்.

அன்புடன்.