ஆய்வும் கதைசொல்லலும் தெரிந்தால் சமூக சமத்துவத்துக்காக முழுநேர வேலை பார்க்க முடியுமா?

முடியும். நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். கள ஆய்வாளர், தரவு இதழாளர், ஆவணப்பட ஆய்வாளர், தொண்டு நிறுவனத்தில் கொள்கை ஆய்வாளர் என்று பல பெயர்களில் விளம்பரம் வரும். பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடும் வேலை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

ஆய்வும் கதையும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது லூயிஸ் ஹைனை. சமூகவியல் படித்த பள்ளி ஆசிரியர். 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர் என்றுகூடச் சொல்லி நுழைந்திருக்கிறார். பிள்ளைகளின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்துக் கணக்கிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதிக்கொள்வார். வயது, வேலை, இடம், தேதி எல்லாம் படத்தோடு சேர்ந்தே போகும். வெறும் படமாக இருந்திருந்தால் பார்த்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916இல் வந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1918இல் ரத்து செய்தது. நாடு முழுவதுக்குமான சட்டம் நிலைத்தது 1938இல்தான். இந்தத் துறையில் காத்திருப்பு அவ்வளவு நீளம்.

அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் செய்ததையும் படியுங்கள். கறுப்பின மக்கள் கும்பலால் கொல்லப்படுவதைப் பற்றி 1895இல் வெளியிட்ட அறிக்கைக்கு அவர் எண்களை எடுத்தது வெள்ளையர் நடத்திய பத்திரிகையிலிருந்து. ‘மிகைப்படுத்துகிறாள்’ என்று சொல்ல இடமே வைக்கவில்லை. எதிர்த்தரப்பு எந்த ஆதாரத்தை மறுக்க முடியாது என்று யோசித்துத் தேடுவது ஒரு தனித் திறமை. பட்டத்தைவிட அதைத்தான் நான் மதிக்கிறேன்.

பேட்டி எடுக்கும்போது “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் எல்லோரும் சொல்வதையே சொல்வார்கள். அலுவலகத்தில் முதலில் எந்தக் காகிதத்தைக் கேட்டார்கள், எந்த மேஜையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், அன்றைய கூலி போயிற்றா என்று கேளுங்கள். அநியாயம் நடக்கிற இடம் அந்தப் பதில்களில்தான் தெரியவரும். எழுதியதை வெளியிடுமுன் பேட்டி கொடுத்தவரிடமே படித்துக் காட்டுங்கள். “இந்த வரி வேண்டாம், வேலை போய்விடும்” என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள், உங்களுக்கு மிகப் பிடித்த வரியாக இருந்தாலும்.

கல்லூரியில் இருக்கும்போதே தொடங்கலாம். அரசு வெளியிடும் ஏதாவது ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, அதில் ஒரு எண்ணாக மட்டும் இருக்கும் ஒருவரைத் தேடிப் பேசி, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதுங்கள். வேலை கேட்டுப் போகும்போது அதை முதலில் காட்டுங்கள்.