ஃபார்ம் 13-இல் தொடங்கும் படிப்பு

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை மகளோடு பழைய வண்ணாரப்பேட்டையில் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். "பன்னாட்டு வணிக, முதலீட்டு ஆலோசகர் ஆக வேண்டும் என்கிறாள். அதற்கு எந்தக் கல்லூரி, என்ன படிப்பு?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மனம் உறுத்தியது; அதனால் எழுதுகிறேன்.

படித்து முடித்த கையோடு யாரும் இந்த ஆலோசகராகிவிடுவதில்லை. வங்கி, ஆடிட்டர் அலுவலகம், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத் தாள்களை முடித்துத் தரும் சுங்க முகவர் அலுவலகம், சட்டம் என்று இரண்டு மூன்று இடங்களில் பல ஆண்டுகள் கைபழகியவரைத்தான் வியாபாரிகள் தேடி வருவார்கள். "ஓரிடத்தில் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பாளோ" என்று பயந்தீர்கள். மாறட்டும். அந்த ஒவ்வோர் இடமும் அவளுக்குப் பாடம். ஆனால் நீங்கள் கேட்ட அந்த ஆறு மாத டிப்ளமோ படிப்புக்காகத் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். "முடித்ததும் ஆலோசகர்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு என் முன்னால் அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே சொல்கிறேன். டிரெய்லரை ஓட்டிக்கொண்டு, சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசல் வரிசையில், ஏற்றுமதி கன்டெய்னரை உள்ளே விடுவதற்கான தாளான ஃபார்ம் 13-உடன் மணிக்கணக்கில் நின்றவர் நீங்கள். கன்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வண்டி உள்ளே போகாது. வங்கியிலும் அதே கண்டிப்புதான். கரூர்க்காரர் ஒருவர் வெளிநாட்டுக்குப் படுக்கை விரிப்பு அனுப்புகிறார் என்று வையுங்கள். வாங்குபவரின் வங்கி எல்.சி. கொடுத்திருக்கிறது; அதாவது, கேட்ட தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவேன் என்ற எழுத்துமூல உறுதி. எல்.சி.க்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி வங்கி பார்ப்பது தாள்களை மட்டுமே. சரக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கும் அதிகபட்சம் 5 வங்கி வேலைநாட்கள்தான். எல்.சி.யில் "பருத்தி விரிப்பு" என்றிருக்க, இன்வாய்ஸில் "பருத்தி பாலியஸ்டர் விரிப்பு" என்று எழுதிவிட்டால் வங்கி பணம் தர மறுக்கலாம். சரக்கோ நடுக்கடலில் இருக்கும். வாங்குபவர் அதையே சாக்காக வைத்து விலையைக் குறைக்கச் சொல்வார். கப்பல் ஏறுவதற்கு முன்பே அந்த ஒரு சொல்லைப் பிடிக்கிற கண்ணுக்குத்தான் ஐயா, கூலி.

முதலீட்டு ஆலோசனை வேறு. பங்கு, பத்திரங்களில் எதை வாங்கலாம் என்று கட்டணம் பெற்றுச் சொல்வதற்கு 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பில் பதிவு வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் இங்கே முதலீடு செய்ய வழிகாட்டுவது இன்னொரு வேலை. அதற்கு 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா தெரிய வேண்டும். வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கினால் 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற கெடுக்கள் அதில் நிறைய உண்டு. மகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டும் இந்த வேலையைத்தான் விரும்புகிறாள் என்று அவள் பேச்சிலிருந்து புரிந்துகொண்டேன்.

என் யோசனை: பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். சேரட்டும். அரசுக் கல்லூரி, செலவு குறைவு. விடுமுறையில் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் உட்காரட்டும். முதலில் சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும். தாளைத் தொட விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். கணக்கில் கெட்டி என்பதால் சி.ஏ.வுக்கும் பதிவு செய்யலாம். அதில் 2 ஆண்டுகள் ஆடிட்டரிடம் பயிற்சி உண்டு. தேர்வு கடினம், ஒருமுறை தவறினால் திட்டாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால் அந்த மொழிகளில் ஒன்றைக் கற்றால் பெரிய பலம்.

அடுத்த முறை வரும்போது, வேலை முடிந்த பழைய ஃபார்ம் 13 ஒன்று வீட்டில் கிடந்தால் கொண்டுவாருங்கள். நீங்கள் ஒவ்வொரு கட்டமாக அவளுக்கு விளக்குங்கள். நானும் பக்கத்தில் இருக்கிறேன்.