கணக்குப்பிள்ளை சொன்ன 10 நாள்

கேள்வி: பேட்டையில் 38 பேர் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. ஆறு வருஷமாக இருந்த லேத் ஆபரேட்டர், ஊரில் கோயில் கொடை என்று 3 நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். 17 நாள் ஆச்சு, ஆளைக் காணோம், போனையும் எடுப்பதில்லை. 10 நாள் தாண்டினால் தானாக விலகியதாக எழுதிப் பேரை அடித்துவிடலாம் என்கிறார் எங்கள் கணக்குப்பிள்ளை. அடிக்கலாமா? பாக்கிச் சம்பளத்தை நிறுத்தலாமா?
- பேட்டை வாசகர்

பதில்: இரண்டும் கூடாது, அண்ணாச்சி.

அந்த 10 நாள், நிலையாணைக்கு (தொழிற்சாலையின் வேலை விதிகளுக்கு) அரசு முன்பு வகுத்த மாதிரிப் படிவத்தில் இருப்பது. சொல்லாமல் 10 நாளுக்கு மேல் வராவிட்டால் ஒழுங்கீனம் என்றுதான் அதில் இருக்கிறது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை வேண்டும். லீவு முடிந்து 8 நாளில் திரும்பாவிட்டால் வேலை மேல் உரிமை போகும் என்று இன்னொரு வரியும் உண்டு. அதே மாதிரி 8 நாள் விதியைக் காட்டிப் பேரை அடித்த ஒரு நிர்வாகம், டி.கே. யாதவ் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. விசாரிக்காமல் நீக்கியது செல்லாது, ஆளைத் திரும்ப எடு, வெளியே இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடு என்று தீர்ப்பு. ‘வேலைக்கு வந்தேன், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்’ என்பதுதான் அந்தத் தொழிலாளியின் வாதம். போதாக்குறைக்கு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், நிலையாணை என்பதே 300 பேராவது இருக்கும் இடத்துக்குத்தான். 38 பேரை வைத்துக்கொண்டு அதில் போய் ஒண்ட முடியாது.

தானாக விலகினார் என்றால், இனி வரமாட்டேன் என்ற முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். 17 நாள் மௌனம் மட்டும் அதைக் காட்டாது.

இன்றே ஒரு கடிதம், தமிழிலேயே எழுதுங்கள். ‘இன்ன தேதிவரை லீவு சொன்னீர்கள். பிறகு தகவல் இல்லை. இது கிடைத்த 7 நாளுக்குள் வேலைக்கு வாருங்கள். முடியாவிட்டால் காரணம் எழுதுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் சான்றிதழ் அனுப்புங்கள்.’ இவ்வளவு போதும். ‘நீங்கள் வேலையை விட்டுவிட்டபடியால்’ என்று தொடங்கினீர்களோ, முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் பிடிப்பார்.

ஒப்புகை கேட்டு, ரெஜிஸ்டரில் உள்ள முகவரிக்கு ஒன்று, கொடைக்குப் போன ஊருக்கு ஒன்று அனுப்புங்கள். ரெஜிஸ்டரில் இருப்பது எப்போதோ காலி பண்ணிய வாடகை வீடாக இருக்கும்; ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பினால் கடிதம் அவரிடம் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பினால் கதை வேறு. அந்தக் கவரைப் பிரிக்காமல் வையுங்கள். ‘வயித்து வலி, ஒரு வாரம் ஆவும்’ என்று ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாத அந்த ஒரு மெசேஜில் வழக்கே கவிழும்.

பதில் இல்லையா, இன்னொரு கடிதம். அதற்கும் இல்லையென்றால் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டை எழுதிக் கொடுப்பது), பிறகு என்கொயரி. நீங்களோ, சாட்சி சொல்லப்போகும் மேனேஜரோ விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. தொழிலாளி வராத அன்று ஒரு வாய்தா கொடுத்து, மறு தேதிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அன்றும் வராவிட்டால் ஒருதலையாக நடத்தலாம். அப்போதும் வருகைப் பதிவேட்டை ஆவணமாகக் குறித்து, சாட்சியை விசாரித்தாக வேண்டும். ‘ஆஜராகவில்லை, குற்றம் நிரூபணம்’ என்ற ஒற்றை வரி அறிக்கை நிற்காது. அறிக்கை நகலை அவருக்கு அனுப்பி, விளக்கம் கேட்ட பிறகே நீக்க உத்தரவு. ஆறு வருஷம் ஒழுங்காக வந்தவரா என்பதையும் அப்போது பார்க்க வேண்டும்.

நடுவில் ஒருநாள் ஆள் வந்து நின்றால் வாட்ச்மேன் விரட்டிவிடக் கூடாது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விளக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வேலையில் விடுங்கள். விசாரணை அதுபாட்டுக்கு நடக்கலாம். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியையும் இப்போது போட்டுவிடாதீர்கள். உத்தரவுக்கு முன்பே அங்கே தேதி ஏறியிருந்தால், விசாரணையே கண்துடைப்பு என்பதற்கு நீங்களே சாட்சி.

சம்பளம்: வராத நாளுக்குப் பிடிக்கலாம். பார்த்த நாளுக்கு உரியதை மற்றவர்களுக்குப் போலவே அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். நீக்க உத்தரவு போட்டால் மீதியை 2 வேலை நாளில் தீர்க்க வேண்டும். ஆறு வருஷம் ஆனதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. சொல்லாமல் நின்றார் என்பதற்காக அதில் ஒரு பைசா பிடிக்க முடியாது.