வீட்டிலேயே குழந்தைகளுடன் படகு வைத்து என்ன அறிவியல் சோதனைகள் செய்யலாம்?

ஆறு, எட்டு வயதில் இரண்டு பிள்ளைகள், பள்ளி விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கும் எட்டு வயது. மே மாதம் முழுக்க எங்கள் கூடத்தில் தண்ணீர்தான். பத்துச் சோதனைகளைத் தேடி அலையாதீர்கள். கற்பூரப் படகு ஒன்றே ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான அட்டையில் கட்டைவிரல் அளவுக்குப் படகு வெட்டுங்கள். முன்னால் கூர், பின்னால் சின்னப் பிளவு. பூஜைக் கற்பூரத்தில் மிளகளவு கிள்ளி, தண்ணீரைத் தொடும்படி அந்தப் பிளவில் செருகுங்கள். தாம்பாளத்துத் தண்ணீரில் விட்டால் தானாக ஓடும். நீர்ப்பரப்பு படகை எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கற்பூரம் பரவும் பின்பக்கத்தில் மட்டும் இழுப்பு தளர்வதால் முன்பக்கம் ஜெயிக்கிறது. சோப்புத் துளியும் படகை ஓட்டும், ஆனால் பரப்பு முழுக்கப் படர்ந்ததும் நின்றுவிடும். கற்பூரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஓட்டம் நீள்கிறது. (வாயில் போட்டால் நஞ்சு, மீதியைக் கையோடு எடுத்து வைத்துவிடுங்கள்.)

எங்களுக்கு முதலில் ஓடவே இல்லை. அட்டையை மாற்றினேன், கற்பூரத்தை மாற்றினேன். கடைசியில் தாம்பாளத்தில் ஒட்டியிருந்த சோப்பை வெந்நீர் விட்டு நன்றாக அலசியதும் சுற்றிச் சுற்றி வந்தது. மகள் விரலால் திருப்பப் போனாள், அப்படியே நின்றது. சற்று முன்புதான் அவள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். காரணத்தை நான் வாய் திறந்து சொல்லவில்லை. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெயில் தொட்ட ஈர்க்குச்சியைப் புதுத் தண்ணீரில் அவளே வைத்துப் பார்த்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் பிரேக்.

வானம் ஏன் நீலம் என்று விளக்கிய ராலே பிரபு இந்த பிரேக்கை 1890இலேயே அளந்திருக்கிறார். பெரிய தொட்டி நீரில் கற்பூரத்தை ஆடவிட்டு, அதை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று பார்த்தார். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் இரண்டு பங்குகூட இல்லாத படலமே போதுமாக இருந்தது.

அடுத்து, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் படகு. நாணயம் ஏற்றும் முன் படகில் தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றச் சொல்லுங்கள். 150 மில்லி பிடித்தால் அது ஏறத்தாழ 150 கிராம் தாங்கும். சமையலறைத் தராசில் நாணயங்களை நிறுத்துச் சரிபார்க்கலாம். ஒரே மூலையில் குவித்தால் பாதியிலேயே கவிழும். அதே தாளைக் கசக்கி உருட்டினால் மூழ்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். மிதந்து மானத்தை வாங்கிவிட்டது. உள்ளே காற்று. குழவியால் தட்டி நசுக்கிய பிறகுதான் மூழ்கியது.

திருவிழாக் கடைகளில் டபடபவென்று ஓடும் தகரப் படகு கிடைத்தால் விடாதீர்கள். அதனுள் வைக்கும் சின்ன விளக்கை நீங்களே ஏற்றுங்கள், தகரம் சுடும். உள்ளே நீராவி தண்ணீரைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது, குளிர்ந்ததும் திரும்ப உள்ளே இழுக்கிறது. அப்படியானால் படகு ஏன் முன்னும் பின்னும் ஆடாமல் முன்னாலேயே போகிறது? தள்ளும்போது நீர் ஒரே திசையில் பாய்கிறது, இழுக்கும்போது நாலா பக்கமிருந்தும் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாம். மேசையில் ஒரு முழம் தள்ளிக் காகிதத் துணுக்கு ஒன்றை வைத்து, முதலில் ஊதச் சொல்லுங்கள். பிறகு அதே தூரத்திலிருந்து உறிஞ்சி இழுக்கச் சொல்லுங்கள்.