அயாம்பிக் பென்டாமீட்டரில் ஓசை ஏன் இடிக்கிறது?

"10 அசை எண்ணித்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன், ஆனாலும் ஓசை இடிக்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. அயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கில யாப்பில், அழுத்தாமல் சொல்லும் அசை (மெலிது), அடுத்து அழுத்திச் சொல்லும் அசை (வலிது) என்ற இணை ஒரு வரியில் 5 முறை வர வேண்டும்.

நமக்குச் சிக்கலே இங்கேதான். வெண்பாவில் குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை பிரித்துவிடலாம்; எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'பிரசென்ட்' முதல் அசையில் அழுந்தினால் பரிசு, இரண்டாவதில் அழுந்தினால் வழங்குவது. சந்தேகம் வந்தால் அகராதியில் அழுத்தக் குறியைப் பாருங்கள்.

இப்போது நான் கிறுக்கிய ஒரு வரி: 'ஐ பாட் எ கப் ஆஃப் டீ அண்ட் லெட் இட் கூல்'. மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். பாட், கப், டீ, லெட், கூல் என்று தட்டு விழும். 'டீ'யை எடுத்துவிட்டு 'காஃபி' போட்டால் ஓர் அசை கூடித் தாளம் தடுக்கும். அப்போது 'அண்ட்'டைத் தூக்கிவிடுங்கள், சரியாகிவிடும். (எனக்கும் காஃபிதான் பிடிக்கும்.)

இயைபை இப்போதைக்கு விடுங்கள். அது தேவைப்படாத பிளாங்க் வெர்ஸில் பழகுவது எளிது. அப்புறம், ஓர் அசை மிஞ்சினால் பதற வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் 'டு பி ஆர் நாட் டு பி, தட் இஸ் த க்வெஸ்சன்' வரியிலேயே 11 அசை இருக்கிறது.